அறைக்குப் பணம் கட்டியது கம்பெனி, புள்ளி யாருக்கு?

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். நூல் கொள்முதல், டையிங் பில், பவர்டேபிள் கூலி, தூத்துக்குடி வரை லாரி வாடகை எல்லாம் பைசா சுத்தமாக எழுதப்பட்டிருக்கும். வெளிநாட்டுப் பயணம் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடும். விமான டிக்கெட்டும் ஓட்டலும் டாக்சியும் அந்த வரிக்குள் ஒன்றாகக் கிடக்கும். அந்த வரியிலிருந்து பிறந்து, எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் ஒரு சொத்து சேர்ந்துகொண்டே போகிறது. அதுதான் ஓட்டல் புள்ளிகள்.

இதை யோசிக்க வைத்தது ஒரு இளம் மெர்ச்சண்டைசரின் கேள்வி. இரண்டு சூட்கேஸ் நிறைய சாம்பிளோடு ஆண்டுக்கு மூன்று முறை ஐரோப்பா போய் வருகிறவர். "அண்ணா, ரூம் போட்டது என் பேருல. பணம் கட்டுனது கம்பெனி. அதுல சேர்ற பாயின்ட் யாருதுங்?" என்று கேட்டார். என்னால் அவருக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதைத் தேடிப் போனபோது, ஐந்து நட்சத்திர ஓட்டல்களின் லாயல்டி திட்டங்கள் எப்படி நடக்கின்றன, நம் ஊர்க்காரருக்கு அவற்றால் உண்மையில் எவ்வளவு ஆதாயம், எங்கே ஏமாறுகிறோம் என்று முழுக் கேள்வியும் விரிந்தது.

திருப்பூருக்கும் வெளிநாட்டு ஓட்டலுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1978ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை பனியன் தேடி இங்கே வந்தார் என்பதிலிருந்துதான் ஊரின் ஏற்றுமதி வரலாற்றைத் தொடங்குவார்கள். 1980களின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கடைத்தொடர்கள் வந்தன. 1990ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அமைந்தது. முதலில் அவர்கள் இங்கே வந்தார்கள். பிறகு நாம் அங்கே போகத் தொடங்கினோம். 2022-23ல் ஏற்றுமதி ரூ.34,000 கோடியைத் தாண்டிய ஊர் இது. இவ்வளவு ஆர்டரும் மின்னஞ்சலிலேயே வந்துவிடுவதில்லை. டியூசல்டார்ஃப், ஸ்டாக்ஹோம், டப்ளின், லீல், பாரிஸ் கண்காட்சி, லாஸ் வேகாஸ் கண்காட்சி என்று யாராவது போய் பையர் முன்னால் துணியை விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பயணமும் நான்கைந்து ஓட்டல் இரவுகள். நடுத்தர நிறுவனம் ஒன்றில் முதலாளி, மகன், இரண்டு மெர்ச்சண்டைசர்கள் என்று கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு ஐம்பது அறுபது இரவுகள் எளிதாக வந்துவிடும். அந்த எண்ணிக்கைக்குத்தான் ஓட்டல்காரர்கள் வலை விரித்து வைத்திருக்கிறார்கள்.

வலையை முதலில் பின்னியவர்கள் விமானக் கம்பெனிகள். 1981ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த தூரத்துக்கு மைல் புள்ளி கொடுக்கும் தன் ஆட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1983ல், ஹாலிடே இன்னும் மேரியட்டும் அதே யோசனையை ஓட்டலுக்குக் கொண்டுவந்தன. 1987ல் ஹில்டனும் ஹயாத்தும் சேர்ந்துகொண்டன. அடிக்கடி பயணம் செய்கிறவன் பெரும்பாலும் சொந்தக் காசில் போவதில்லை, ஓட்டலை மட்டும் அவன்தான் தேர்ந்தெடுக்கிறான் என்பது இவர்கள் எல்லோருக்கும் புரிந்திருந்தது. பணம் கட்டுகிறவரும் தேர்ந்தெடுக்கிறவரும் வேறு வேறாக இருக்கும் இடத்தில், தேர்ந்தெடுக்கிறவருக்குத் தனியாக ஒரு பரிசு கொடுப்பதுதான் இந்தத் திட்டங்களின் அடிப்படை. மெர்ச்சண்டைசரின் கேள்விக்கான வேர் இங்கேதான் இருக்கிறது.

நடைமுறையை ஒரு திட்டத்தை வைத்துப் பார்க்கலாம். மேரியட் போன்வாய் திட்டத்தில் பெரும்பாலான ஓட்டல்களில் ஒரு டாலர் அறை வாடகைக்கு 10 புள்ளி. ஆண்டுக்கு 10 இரவு தங்கினால் சில்வர், 25க்கு கோல்டு, 50க்கு பிளாட்டினம், 75க்கு டைட்டானியம். பிளாட்டினம் ஆகிவிட்டால் புள்ளி ஒன்றரை மடங்கு. ஒரு ஆண்டில் பெற்ற தகுதி அடுத்த ஆண்டு முழுக்கவும், அதற்கடுத்த பிப்ரவரி வரையும் செல்லும். ஹில்டன், ஹயாத், ஐஎச்ஜி எல்லாம் எண்ணிக்கையில் வேறுபட்டாலும் அச்சு ஒன்றுதான். பிரான்சின் அக்கோர் மட்டும் கொஞ்சம் நேராகப் பேசுகிறது: 2,000 புள்ளி சேர்ந்தால் பில்லில் 40 யூரோ கழித்துக்கொள்ளலாம்.

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு இரவு வாடகை 200 டாலர், ஏறக்குறைய ரூ.17,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண உறுப்பினருக்கு 2,000 புள்ளி, பிளாட்டினத்துக்கு 3,000. புள்ளியின் மதிப்பை அறியச் சுலபமான வழி ஒன்று உண்டு. அதே ஓட்டலில் அதே இரவுக்குக் காசு விலையும் புள்ளி விலையும் பார்த்து வகுத்துவிட வேண்டும். வரியோடு 22,000 ரூபாய் ஆகும் அறைக்கு 40,000 புள்ளி கேட்டால் ஒரு புள்ளி 55 பைசா. அந்தக் கணக்கில் சாதாரண உறுப்பினருக்கு ஒரு இரவுக்கு 1,100 ரூபாய், அதாவது ஆறு சதவீதம் சொச்சம் திரும்புகிறது. பிளாட்டினத்துக்கு 1,650 ரூபாய், ஒன்பது சதவீதத்தை ஒட்டி. ஆக, புள்ளி என்பது ஒரு கழிவுதான். நூல் மில்காரர் கொடுக்கும் கேஷ் டிஸ்கவுன்ட் போல. அதற்கு மேல் அதில் மாயம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பீஸுக்குப் பத்து ரூபாய் நின்றால் நல்ல ஆர்டர் என்று சொல்லும் ஊரில், அந்த 1,650 ரூபாய் 165 டி-ஷர்ட்டின் லாபம். அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது நியாயமில்லை.

புள்ளியை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, தகுதியோடு வரும் சலுகைகள். கடைசி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு பையர் அலுவலகத்தில் மீட்டிங். ஓட்டலில் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். விமானம் இரவு ஒன்பதரைக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விலை குறைவு என்று ஏஜென்ட் மூலம் போட்ட ஓர் ஓட்டலில் இப்படி மாட்டிக்கொண்டேன். மீட்டிங்கில் பையர் பதினாறு ஸ்டைலில் ஏழைத் திருத்தச் சொல்லிவிட்டார். அந்த ஏழையும் அளந்து, கமென்ட்ஸ் எழுதி, அன்று சாயங்காலத்துக்குள் திருப்பூருக்கு அனுப்பினால்தான் மறுநாள் காலை சாம்பிள் செக்‌ஷனில் வேலை தொடங்கும். அறை இல்லை. லாபியில் சோபாவுக்கு முன் இருந்த குட்டை மேஜையில் போலோ டி-ஷர்ட்டைக் குறுக்கே விரித்து, மடியில் அளவு டேப்பை வைத்துக்கொண்டு, மார்பளவு, தோள், உடல் நீளம் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் இரண்டு முறை வந்து, இங்கே பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பணிவாகச் சொன்னார். லாயல்டி எண்ணைக் காட்டினேன். ஏஜென்ட் மூலம் போட்ட அறைக்கு அது செல்லாது என்றார். அவர் சொன்னது விதிப்படி சரிதான். ஓட்டலின் சொந்தத் தளத்திலோ, நேரடி வழியிலோ போட்ட அறைக்குத்தான் புள்ளியும் சலுகையும்.

பிளாட்டினம் தகுதிக்கு மாலை நான்கு மணி வரை அறை கிடைக்கும் என்பதன் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது. கோல்டுக்கு இரண்டு மணி. அதுவும் அறை காலியாக இருந்தால். நான்கு மணி நேரம் ஒரு கட்டில், ஒரு அயர்ன் பாக்ஸ், கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை. சாம்பிளோடு போகிறவருக்கு அதன் விலை ரூபாயில் அடங்காது.

அடுத்தது இலவசக் காலை உணவு. ஐரோப்பியப் பெருநகரத்தின் நல்ல ஓட்டலில் காசு கொடுத்துச் சாப்பிட்டால் தலைக்கு 30 யூரோ அளவில் ஆகிவிடும். ஐந்து நாளைக்கு 150 யூரோ. காலையில் வயிறார முட்டையும் ரொட்டியும் பழமும் சாப்பிட்டுவிட்டால், மீட்டிங் எத்தனை மணிக்கு இழுத்தாலும் தாங்கும். லவுஞ்ச் இருக்கும் ஓட்டலில் மாலையில் பையரை அழைத்து உட்கார வைத்து காபி கொடுத்துப் பேசலாம். ஹேங்கரை மாட்டிக் காட்ட இடம் இருக்கும், பில் வராது. இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஓட்டல் உயர உயர சலுகையும் உயரும் என்று நினைப்பது தவறு. மேரியட் குழுமத்திலேயே மிக ஆடம்பரமான ரிட்ஸ்-கார்ல்டனில் பிளாட்டினம் உறுப்பினருக்கும் இலவசக் காலை உணவு கிடையாது. நடுத்தர ஷெரட்டனில் லவுஞ்ச் திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது வாசல் விளக்கின் அழகை அல்ல, இந்த விதியை.

தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் இன்னும் சில உண்டு. மேரியட் விதிப்படி, உறுப்பினர் ஒரு அறையில் தங்கி, மூன்று அறைகள் வரை பில்லை அவரே கட்டினால் மூன்றுக்கும் புள்ளி சேரும். புள்ளி கொடுத்து எடுக்கும் அறையில் ஐந்து இரவு தங்கினால் ஒரு இரவு இலவசம். கண்காட்சி நாட்களில் நகரமே விலை ஏறிக் கிடக்கும்போது இந்த ஐந்தாம் இரவு கைகொடுக்கும். ஓட்டலில் நேரடியாக அறை போடுவது விசாவுக்கும் உதவும். ஷெங்கன் விண்ணப்பத்துக்குத் தங்குமிட ஆதாரம் வைக்க வேண்டும். அபராதமில்லாமல் ரத்து செய்யக்கூடிய நேரடி பதிவு இருந்தால், விசா தள்ளிப்போனாலும் முன்பணம் போகாது. லாஸ் வேகாஸ் போகிறவர்கள், வாடகைக்கு மேல் தனியாக வாங்கும் ரிசார்ட் கட்டணத்தைக் கவனிக்க வேண்டும். புள்ளியில் எடுத்த அறைக்கு ஹில்டனும் ஹயாத்தும் அதை வாங்குவதில்லை. மேரியட்டில் கட்ட வேண்டும்.

இவ்வளவு சலுகைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? இதைப் புரிந்துகொள்ள திருப்பூர்க்காரரை விடத் தகுதியானவர் யாருமில்லை. வாசலில் மேரியட் என்றோ ஹில்டன் என்றோ எழுதியிருக்கும் பெரும்பாலான கட்டடங்கள் அந்தக் குழுமங்களுக்குச் சொந்தமில்லை. சொந்தக்காரர் வேறு ஒருவர். பெயரும் நிர்வாக முறையும் மட்டும் குழுமத்தினுடையது. உறுப்பினர் தங்கும் ஒவ்வொரு முறையும் பில்லில் ஒரு பங்கைக் கட்டடக்காரர் புள்ளித் திட்டத்துக்குக் கட்டுகிறார். பிறகு யாராவது இலவச இரவில் வந்து தங்கினால் திட்டத்திலிருந்து கட்டடக்காரருக்கு ஒரு தொகை வரும். ஓட்டல் நிரம்பி வழிந்தால் ஏறக்குறைய முழு வாடகை. காலியாகக் கிடந்தால் மிகச் சிறிய தொகை. காலை உணவும் லவுஞ்சும் மேல்தர அறைக்கு மாற்றித் தருவதும் அவர் தலையில்தான். பெயர்க்காரர் வாக்குக் கொடுக்கிறார், கட்டடக்காரர் செலவு செய்கிறார்.

இது நமக்குப் பழகிய கதை. லண்டன் கடையில் பாதி விலை என்று பலகை மாட்டுவார்கள். அந்தத் தள்ளுபடியில் ஒரு பங்கைத் தாங்கச் சொல்லி அவிநாசி ரோட்டில் இருக்கும் ஃபேக்டரிக்கு மெயில் வரும். எனவே, வெளிநாட்டு ஓட்டலில் உங்கள் கார்டைப் பார்த்ததும் மேனேஜரின் முகம் மலரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரும் ஒரு வகையில் ஜாப் ஒர்க் செய்கிறவர்தான். எழுதப்பட்ட உரிமையைக் கேட்டு வாங்குங்கள். எழுதப்படாததை அதட்டி வாங்க வேண்டாம்.

பெயர்க்காரர் கையில்தான் புள்ளி என்ற நாணயமும் இருக்கிறது என்பதுதான் நம்மைப் பாதிக்கும் விஷயம். 2016ல் மேரியட் குழுமம் 1,300 கோடி டாலருக்கு ஸ்டார்வுட் ஓட்டல் குழுமத்தை வாங்கியது. 2018ல் இரண்டின் திட்டங்களும் ஒன்றாயின. 2019 பிப்ரவரியில் போன்வாய் என்று பெயர் வந்தது. முன்பெல்லாம் இந்த ஓட்டலுக்கு இத்தனை புள்ளி என்று அட்டவணை இருந்தது. கண்காட்சி வாரத்தில் காசு விலை மூன்று மடங்கானாலும் புள்ளி விலை அசையாது. விவரம் தெரிந்தவர்களுக்கு அது பெரிய வரம். ஹில்டன் 2017லேயே அட்டவணையை எடுத்துவிட்டது. மேரியட் 2022 மார்ச்சில் எடுத்தது. இப்போது காசு விலை ஏறினால் புள்ளி விலையும் ஏறுகிறது. நேற்று வரை 40,000 கேட்ட அறை இன்று 60,000 கேட்கலாம். புள்ளியைச் சேர்த்து வைப்பது, பையர் கொடுத்த கிரெடிட் நோட்டை அவரே நினைத்தபோது திருத்தி எழுத அனுமதிப்பது போன்றது. சேர்ந்ததும் செலவழித்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சேமிப்பு நல்ல பழக்கம் இல்லை.

பாதுகாப்பும் கவனிக்க வேண்டியது. 2018 நவம்பர் 30 அன்று, ஸ்டார்வுட் பதிவுத் தகவல் கிடங்கில் 2014 முதலே திருடர்கள் புகுந்திருந்ததை மேரியட் அறிவித்தது. பாதிக்கப்பட்ட பதிவுகள் 38 கோடி வரை இருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்போர்ட் எண்கள் மறைக்குறியாக்கம் கூட செய்யப்படாமல் அதில் இருந்தன. நம் அலுவலகங்களில் முதலாளியின் ஓட்டல் கணக்கு, விமானக் கணக்கு, விசா கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு, அதை அக்கவுன்ட்ஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே மாற்ற வேண்டிய பழக்கம் அது.

கிரெடிட் கார்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எச்டிஎஃப்சி வங்கி 2023 ஆகஸ்ட்டில் மேரியட் போன்வாய் கார்டைக் கொண்டுவந்தது. ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாயும் வரியும். சில்வர் தகுதியும், தகுதிக் கணக்கில் பத்து இரவும், 15,000 புள்ளி வரையிலான ஒரு இலவச இரவும் தருவதாக அறிவித்தார்கள். ஊரிலேயே செலவு இருப்பவருக்கு அது பயன்படலாம். ஆனால் வெளிநாட்டில் பில் கட்டும்போது பல இந்திய கார்டுகள் 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. ஆக 4.13 சதவீதம் போகிறது. மேலே சொன்ன ஆறு சதவீதக் கழிவில் மூன்றில் இரண்டு பங்கை வங்கி எடுத்துக்கொள்கிறது. எந்த கார்டில் கட்டுகிறோம் என்று பார்க்காதவருக்குப் புள்ளிக் கணக்கே வீண்.

வீண் என்று சொல்லத்தக்க இன்னும் இரண்டு உண்டு. பிளாட்டினத்துக்கு நான்கு இரவு குறைகிறது என்று டிசம்பரில் கோவையில் அறை போட்டுச் சாவி மட்டும் வாங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு முப்பது இரவு வெளியே தங்குவது உறுதி என்றால் மட்டும் அதில் அர்த்தம் உண்டு. இரண்டாவது, பையர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் நல்ல சிறிய விடுதி இருக்க, புள்ளிக்காக நாற்பது நிமிடம் தள்ளிப் போய்த் தங்குவது. காலையில் சூட்கேஸோடு ரயில் மாறி, பத்து நிமிடம் தாமதமாக மீட்டிங்குக்குள் நுழைந்தால் எந்தப் புள்ளியும் அதை ஈடுகட்டாது. அதே அறையை ஏஜென்ட் 15 சதவீதம் குறைத்துக் கொடுத்தால், பிளாட்டினம் இல்லாதவர் யோசிக்காமல் ஏஜென்டிடமே போகலாம்.

இனி அந்த இளைஞரின் கேள்வி. உலகம் இதற்கு ஒரே பதில் சொல்லவில்லை. ஜெர்மனியில் 2002ல், அரசியல்வாதிகள் அலுவல் பயணத்தில் சேர்ந்த விமான மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்று பெரும் சர்ச்சை எழுந்தது. பெர்லின் மாநிலப் பொருளாதார அமைச்சர் கிரெகர் கீசி பதவி விலகினார்; பசுமைக் கட்சியின் ஜெம் ஓஸ்டெமிரும் தன் பொறுப்பிலிருந்து விலகினார். அமெரிக்கா நேர் எதிர்த் திசையில் போனது. 2001 இறுதியில் வந்த சட்டம், மத்திய அரசு ஊழியர்கள் இந்தப் புள்ளிகளைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்றது. அலுவல் பயணத்தில் சேர்ந்த மைல்களுக்கு வரி கேட்டு வரப்போவதில்லை என்று 2002ல் அங்குள்ள வருமான வரித் துறை அறிவித்தது. இந்திய அரசின் நிதி அமைச்சகமோ, அலுவல் டிக்கெட்டில் சேரும் மைல் புள்ளியை அந்தத் துறையின் வேறு அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும், சொந்தப் பயணத்துக்கு எடுத்தால் துறை நடவடிக்கை வரும் என்று விதி வைத்திருக்கிறது.

திருப்பூரில் பெரும்பாலும் விதி என்று எதுவும் இல்லை. சில இடங்களில் மெர்ச்சண்டைசர் தங்கினாலும் முதலாளியின் உறுப்பினர் எண்ணைத்தான் கொடுக்கச் சொல்வார்கள். தங்காதவர் பெயரில் புள்ளி சேர்ப்பது திட்ட விதிக்கே முரண், கணக்கையே முடக்கிவிடலாம். வேறு சில இடங்களில் யாரும் எதுவும் கேட்பதில்லை. மெர்ச்சண்டைசர் தன் பெயரில் சேர்த்துக்கொள்கிறார். பிறகு அவர் வேலையை விட்டுப் போகும்போது, 'கம்பெனி காசில் பாங்காக் போய்வந்தவன்' என்று பேச்சு வரும். முன்பே ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்தக் கசப்பு வந்திருக்காது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். புள்ளி தங்கியவருக்கே போகட்டும். காரணம் இரண்டு. திட்ட விதிகள் புள்ளியைத் தனி மனிதர் பெயரில்தான் கொடுக்கின்றன. நிறுவனம் அதைப் பிடுங்க நினைத்தால் விதியைச் சுற்றி வர வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய காரணம், அந்த இரவுகளை வீட்டை விட்டு வெளியே கழித்தவர் அவர்தான். பிள்ளையின் ஆண்டு விழாவைத் தவறவிட்டு, நேர வித்தியாசத்தில் தூக்கம் கெட்டு, நாற்பத்தாறு கிலோ சாம்பிளை ரயில் நிலையப் படியில் தூக்கி ஏறியவர். கோடை விடுமுறையில் மனைவி மக்களோடு கோலாலம்பூரிலோ பாங்காக்கிலோ மூன்று நாள் நல்ல ஓட்டலில் தங்க அந்தப் புள்ளி வழி செய்யுமானால், அதைவிட நல்ல ஊக்கத்தொகை நிறுவனத்துக்குக் கிடைக்காது. அதன் செலவு ஏற்கெனவே வாடகைக்குள் அடங்கிவிட்டது.

பதிலுக்கு நிறுவனம் ஒரு நிபந்தனை வைக்க முழு உரிமை உண்டு. ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது வேலைக்காக, புள்ளிக்காக அல்ல. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு இரவு உச்சவரம்பு வாடகை. அதற்குள், பையர் அலுவலகத்துக்கு அரை மணி நேரத் தொலைவுக்குள், யார் எந்தக் குழுமத்தில் தங்கினாலும் கேள்வியில்லை. உச்சவரம்பைத் தாண்டினால் மிச்சத்தை அவரே கட்டட்டும். அல்லது தன் புள்ளியைப் போட்டு அறை எடுக்கட்டும். அப்படி எடுத்து நிறுவனத்துக்கு மிச்சப்படுத்தும் இரவுக்கு, வாடகையில் பாதியைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

இந்த விதிகளை எழுத ஒரு பக்கம் போதும். முதலாளி அண்ணன்மாரே, அடுத்த சீசனுக்கு விசா விண்ணப்பம் போகும் முன் அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கையெழுத்திட்டு, பயணம் போகிற பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.